கொறங்காட்டுப் புல் மழையால் போச்சா, மனுசனால் போச்சா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தாராபுரம் பக்கம் குண்டடத்துக்கு அருகில் அப்பாரு காலத்திலிருந்து வருகிற அஞ்சு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி கட்டி ஆடுமாடு மேய விடுகிற வானம் பார்த்த நிலம். முன்பு ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் நின்ற இடத்தில் இப்போது சரளைக்கல்லும் ஊசிப்புல்லும் அங்கங்கே சீமைக்கருவேலும்தான் நிற்கின்றன. இது மழை மாறியதால் வந்ததா, மனுசன் கெடுத்ததா? கூடவே கோயமுத்தூர் நண்பர் ஒருவர், "புல்வெளி என்பதே காட்டை வெட்டி அழித்த பிறகு மிஞ்சியதுதான், பேசாமல் மரத்தை நட்டு மறுபடியும் காடாக்கிவிடு" என்று யோசனை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நண்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பி நீங்கள் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டால் மற்றதைப் பேசிப் பிரயோசனம் இல்லை.

நம் பக்கம் "காடு" என்று எதைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் யானைக்கும் புலிக்கும் நடுவே போயிருக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், வாய்க்கால் பாய்வது வயல், வானம் பார்த்த பூமி காடு. மேட்டாங்காடு, சோளக்காடு, கொறங்காடு எல்லாம் அந்தக் கணக்குத்தான். பெயரில் காடு இருப்பதால் இங்கே ஒருகாலத்தில் அடர்ந்த வனம் இருந்து, அதை யாரோ வெட்டிச் சாய்த்து, மிச்சம் புல்லாக நிற்கிறது என்று கதை கட்ட வேண்டியதில்லை. வெட்டவே இல்லை என்றும் சொல்லவில்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். ஆனால் அவர்கள் வெட்டியதும் முள்மரங்களும் புல்லும் கலந்து நின்ற திறந்த நிலத்து மரங்களாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் மழை. மேற்கே நீலகிரியும் ஆனைமலையும் நிற்பதால் தென்மேற்குப் பருவ மழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நமக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றும் கொஞ்சம் சாரலும்தான். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி புரட்டாசிக்குப் பிறகு. அடியில் சரளை, அதற்கும் அடியில் பாறை. இந்தத் தண்ணீரையும் இந்த மண்ணையும் வைத்துக்கொண்டு அடர்ந்த வனம் வளராது. வெள்வேல மரம் ஏக்கருக்குச் சில, கீழே புல். அதுதான் இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

புல்லின் வயது நாம் நினைப்பதைவிட ரொம்பப் பெரிது. கொழுக்கட்டை, அருகு, சோளம், கம்பு, கரும்பு எல்லாம் ஒரே வகைச் சமையல் தெரிந்த செடிகள். காற்றில் உள்ள கரியமில வாயுவை முதலில் ஓரிடத்தில் திரட்டி, அப்புறம் உள்ளே கொண்டுபோய்ச் சர்க்கரையாக்குகிற வித்தை அது. தாவரவியலில் சி4 என்பார்கள். வெயில் கடுமையாக, தண்ணீர் குறைவாக, காற்றில் கரியமில வாயுவும் குறைவாக இருக்கும்போது இந்த வித்தை தெரிந்த செடிதான் ஜெயிக்கும். மரங்களில் ஏறக்குறைய எல்லாமும், நெல்லும் கோதுமையும், பழைய முறையில் சமைப்பவை, அவை சி3. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள், சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் வருடங்களுக்கு முன்பு அங்கே சி4 புல் பரவி நிலத்தையே மாற்றியதைக் கண்டிருக்கிறார்கள். அப்போது கோடாலி பிடிக்கவோ ஆடு மேய்க்கவோ மனுசன் என்று ஒருவன் உருவாகவே இல்லை.

இன்னும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் சதுப்பு நிலம் ஒன்று உண்டு. அங்கே செத்த புல்லும் இலையும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன, பழைய கணக்கு நோட்டுகளை மூட்டை கட்டி அட்டத்தில் போட்ட மாதிரி. சி3 செடியும் சி4 செடியும் விட்டுப்போகிற கரிமத்தில் எடை கூடிய அணுக்களின் விகிதம் வேறு வேறாக இருக்கும் என்பதால், எந்த அடுக்கில் எது ஓங்கியிருந்தது என்று அளந்து சொல்லிவிடலாம். சூழலியல் ஆய்வாளர் ராமன் சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் அளந்து 1993இல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பு, உலகமே குளிர்ந்து பருவமழை நலிந்திருந்த காலத்தில், அங்கே சி4 புல் ஓங்கியிருந்திருக்கிறது. சுமார் 10,000 வருடங்களுக்கு முன்பு மழை வலுத்தபோது சி3 செடிகள் முந்தியிருக்கின்றன. அப்புறம் 6,000 முதல் 3,500 வருடங்களுக்கு முன்வரை மறுபடி வறண்டு, மறுபடி சி4. ஆக மலைமேல் இருக்கிற புல்வெளிகூட யாரோ சோலையை வெட்டியதால் வந்ததில்லை. ஏறி இறங்கி, கூடிக் குறைந்து, கடைசி பனியுகத்தையே பார்த்துவிட்டு நிற்கிற புல் அது. வால்பாறைக்கு மேலே அக்காமலைப் புல்வெளிக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், பள்ளத்தில் மட்டும் சோலை, மேட்டில் எல்லாம் புல். மேட்டில் குளிர்கால இரவுகளில் விழுகிற உறைபனி மரக்கன்றைக் கருக்கிவிடும், புல்லை ஒன்றும் செய்யாது.

இந்த விஷயம் தெரியாமல்தான், அல்லது தெரிந்தும் காசு கணக்குப் பார்த்து, 1840களில் தொடங்கி நீலகிரிப் புல்வெளியில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்து நட்டார்கள். விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, அப்புறம் ரேயான் கூழுக்கு என்று நூற்றைம்பது வருடம் காரணம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. மொட்டையாகக் கிடக்கிறதே, மரம் வைத்தால் நல்லதுதானே என்கிற உங்கள் நண்பரின் அதே எண்ணம்தான். இன்றைக்கு அந்தச் சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்கிறோம் என்று வனத்துறையே செலவு செய்துகொண்டிருக்கிறது.

சரி, நம் கொறங்காட்டுக்கு வருவோம்.

ஒரு வேலை செய்யுங்கள். சித்திரை வெயிலில் உங்கள் காட்டில் செத்த மாதிரி கிடக்கிற ஒரு கொழுக்கட்டைத் தூரைப் பாரைக்கோலால் முழுசாகத் தோண்டி எடுங்கள். மேலே இருப்பது வெறும் சாம்பல் நிறச் சருகு, கையில் கசக்கினால் பொடியாகும். அடியில், மண்ணோடு மண்ணாக இருக்கிற இடத்தில், வைக்கோல் நிற உறை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் நெல்லுமணி அளவுக்கு ஒரு வெள்ளை மொட்டு. கடித்துப் பார்த்தால் லேசாக இனிக்கும். அது உயிரோடுதான் இருக்கிறது. மழை விழுந்த மூன்றாம் நாள் பச்சை காட்டுவது இதுதான். மரத்துக்கு வளரும் நுனி உச்சியில் இருக்கிறது, ஆடு அதைக் கடித்தால் போச்சு. புல்லுக்கு வளரும் இடம் மண்மட்டத்தில். மாடு நாக்கால் சுருட்டி அறுத்தாலும், வெயில் மேலே கருக்கினாலும், தீ வைத்தாலும் அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். வேரைப் பாருங்கள், மேலே தெரிகிற புல்லைவிடக் கீழே இருக்கிற வேர்தான் அதிகம். வருடாவருடம் அதில் ஒரு பகுதி செத்து மண்ணோடு கலக்கிறது. செம்மண் கருத்து, பொலபொலவென்று, தண்ணீர் குடிக்கிற மண்ணாக மாறுவது இந்தச் செத்த வேரால்தான். இலைச்சருகால் அல்ல.

அந்த வெள்ளை மொட்டு எத்தனை மாதம் தாங்கும், எத்தனை தடவை கடிபட்டாலும் துளிர்க்கும், இதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது. தழைத்து வரும்போது தூரில் சேர்த்து வைத்த சரக்கை எடுத்துத்தான் வருகிறது. தழைத்த உடனே மறுபடி கடித்தால், சேமிப்பில் கை வைக்கிறது. மறுபடி கடித்தால், மறுபடியும். மூன்று நான்கு தடவை இப்படி ஆனால் கடன் வாங்கிக் குடித்தனம் நடத்துகிற கதைதான், தூர் சிறுத்து, வேர் குட்டையாகி, அடுத்த பஞ்சத்தில் போய்விடும். கடித்துவிட்டு ஒரு மாதம் விட்டால் முன்னைவிட நன்றாகத் தூர் கட்டும். கடிக்காமலே வருடக்கணக்கில் விட்டாலும் கெடுதல்தான். பழைய சருகு மூடி, உள்ளே வெளிச்சம் போகாமல், நடுத்தூர் இற்றுப்போகும். "நான் அஞ்சு வருசமா ஆடே விடலைங்க, அப்பவும் புல் வரலை" என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். அதுவே காரணமாக இருக்கலாம் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆகவே மழையா, மனுசனா என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் என் பதில்: இங்கே மரமா புல்லா என்பதை வானம் முடிவு செய்தது, எந்தப் புல், எத்தனை காலம் என்பதை மேய்ச்சல் முடிவு செய்தது. இரண்டும் தனித்தனியாக வேலை செய்வதும் இல்லை. பஞ்சம் வந்த வருடத்தில் மேய்த்த விதம்தான் அடுத்த இருபது வருடப் புல்லைத் தீர்மானிக்கும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் என்பது சராசரி. சராசரி மழை எந்த வருடமும் பெய்வதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் காயும். 2016இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். இப்படி மழை ஏறி இறங்குகிற இடத்தில் புல்லுக்கும் மாட்டுக்கும் நடுவே சமநிலை என்று ஒன்று வரவே வராது என்று கென்யாவின் துர்க்கானா மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவிட்டு எல்லிஸ், ஸ்விஃப்ட் என்ற இருவர் 1988இல் எழுதினார்கள். அங்கே பஞ்சம் வந்தால் மாடு சாகும் அல்லது தூரதேசம் போகும். மழை திரும்பி வரும்போது நிலத்தில் மாடு குறைவு, புல் நிம்மதியாகத் தழைக்கும். மாடு மறுபடி பெருகுவதற்குள் புல் தேறிவிடும். கொடுமையான ஏற்பாடுதான், ஆனால் புல்லைப் பொறுத்தவரை அது ஓய்வு.

நம் ஊரிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களை என்ன பாடு படுத்தியது என்பதைப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். மனுசனே மடிந்தபோது மாட்டைச் சொல்ல வேண்டாம். இன்றைக்கு அந்த நிலைமை இல்லை, நல்ல வேளையாக. பஞ்சம் வந்தால் லாரியில் வைக்கோல் வருகிறது, சோளத்தட்டு வாங்குகிறோம், தவிடு வாங்குகிறோம், கடன் வாங்கியாவது உருப்படியைக் காப்பாற்றிவிடுகிறோம். ஆனால் உருப்படி எங்கே நிற்கிறது? அதே கொறங்காட்டில்தான். ராத்திரிக்கு வைக்கோல், பகலில் அங்கே கிடக்கிற தூரைக் கொறிப்பது. மழை பெய்து மூன்றாம் நாள் அந்த மொட்டு எட்டிப் பார்க்கும்போது, மேலே ஒரு செம்மறி வாயோடு காத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் காட்டில் புல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். 2017க்கு முன்பு இருந்ததா, பின்பு போனதா என்று அம்மாவிடமோ பக்கத்துக் காட்டுக்காரரிடமோ கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் பழைய காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நம் பக்கத்து வேலை எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

மாடு இங்கே புதுசில்லை. பதிற்றுப்பத்தில் "ஆகெழு கொங்கர்" என்றே அடைமொழி, மாடு நிறைந்த கொங்கர் என்று. இன்னொரு பாட்டில் சேரனுடைய யானைப் படை பரவி வருவதைப் பார்த்தவர், பரல்கல் நிறைந்த முரம்பு நிலத்தில் கொங்கரின் மாடுகள் பரவினாற்போல என்கிறார். பரல், முரம்பு, அதாவது உங்கள் காட்டில் காலைக் குத்துகிற அதே சரளை மேடு. ஆயிரத்தெண்ணூறு வருடமாக இந்தச் சரளையில் மாடு மேய்ந்துகொண்டிருக்கிறது, புல்லும் இருந்துகொண்டிருக்கிறது. மேய்ச்சல்தான் புல்லை அழிக்கும் என்றால் இந்தக் கணக்கு எப்படி இடிக்காமல் இருக்கும்?

அப்புறம் வேலி. வேற்றூர் ஆட்கள் காங்கேயம் ரோட்டில் போகும்போது முதலில் கேட்பது இந்த வேலியைப் பற்றித்தான். முள்கிளுவைப் போத்தை, அதாவது கிளைத் துண்டை, வெட்டி மழைக்கு முன்னால் வரிசையாக ஊன்றிவிட்டால் அது வேர் பிடித்து, கிளை பின்னி, ஆடு நுழைய முடியாத உயிர்வேலி. இரண்டு பக்கமும் வேலி ஓட, நடுவே இட்டேரி என்கிற வண்டிப்பாதை. வேலிக்குள் நாலு ஏக்கர், அஞ்சு ஏக்கர் என்று துண்டு துண்டாகக் கொறங்காடு. இந்த வேலி செய்த காரியம் என்னவென்றால், மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம், மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டுப் போகலாம். அதைவிடப் பெரிசு, ஒரு துண்டில் மேயும்போது இன்னொரு துண்டைச் சும்மா போட்டு வைக்கலாம். முதல் மழைக்குப் பிறகு புல் பூட்டை தள்ளி விதை உதிர்க்கும்வரை மாடு விடாமல் வைப்பது, முதலில் மாடு எருமையை விட்டு உயரப் புல்லைத் தின்னவிட்டு, பிறகு செம்மறியை விடுவது, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கம்போ கொள்ளோ போட்டு, அதோடு கொழுக்கட்டை விதையையும் தூவிவிடுவது, இவையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுக்காமல் வந்தவை. வெள்வேல மரமும் சும்மா நிற்கவில்லை. பங்குனி, சித்திரையில் புல் இல்லாத நேரம் பார்த்து நெற்றை உதிர்க்கும்; ஆடு பொறுக்கித் தின்னும்; கொட்டை புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். அந்த மரத்தடியில் மட்டும் புல் கொஞ்சம் அதிக நாள் பச்சையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிழல், சாணி, இலை மூன்றும் அங்கே சேர்கின்றன.

இவ்வளவு மெனக்கெட்டுப் புல்லை ஏன் காப்பாற்றினார்கள் என்றால், புல்லின் மேல் பாசத்தால் இல்லை. காளைக்கு விலை இருந்தது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணறு ஆழம், தண்ணீர் இறைக்கக் கவலை (எருது இழுக்கிற இறவை) பூட்ட வேண்டும், கவலைக்கு வலுவான எருது வேண்டும். அந்த எருதைக் கொடுத்தது காங்கேயம் மாடு, அந்த மாட்டைக் கொடுத்தது இந்தப் புல். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த மாட்டினத்தைப் பேர் சொல்லும்படி வளர்த்தது. கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் வெளியூரிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள். அப்புறம் 1932இல் நீலகிரியில் பைக்காராவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கக் கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏறியது. கவலை போனது. பிறகு டிராக்டர் வந்து ஏரும் வண்டியும் போனது. பால் சொசைட்டிக்கு ஊற்ற ஜெர்சி மாடு வந்தது. அது கொறங்காட்டில் மேயாது, கொட்டகையில் நின்று வெட்டிப் போட்ட தீவனம் தின்னும். நீலகிரி மலையில் ஒரு தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றியதற்கும் காங்கேயத்தில் புல் குறைந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை மழைக்கணக்கைவிட இந்தக் கணக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. எருதுக்கு விலை போனது, புல்லுக்கு மதிப்புப் போனது, போத்து ஊன்ற ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை, வேலி ஓட்டை விழுந்தது. கீழ்பவானி, அமராவதி, பரம்பிக்குளம் ஆழியாறு என்று தண்ணீர் வந்த இடங்களில் காடு தோட்டமானது, அது நியாயம்தான், யார் வேண்டாம் என்பார்கள். தண்ணீர் வராத இடத்தில் சைட் போட்டுக் கல் நட்டார்கள். இல்லாவிட்டால் காற்றாடி, இப்போது சோலார். பத்திரத்தில் தரிசு என்று இருந்தால் வாங்குகிறவருக்கு அது வெறும் இடம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடந்த சில வருடங்களாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது உங்களுக்குத் தெரியும். ராத்திரி பட்டியில் ஆடு விடப் பயந்து வீட்டோரம் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் புழுக்கை காட்டுக்குப் போகாது, வீட்டுப் பக்கத்துத் துண்டு மட்டும் மொட்டையாகும், தூரத்துத் துண்டு சும்மா கிடந்து சீமைக்கருவேல் ஏறும். நாய்க்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான்.

இப்படிச் சுற்றி வளைத்து வருவது நமக்கு மட்டும் நடந்ததில்லை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் 1890களில் வெக்கை நோய் புகுந்து மாட்டையும் காட்டு விலங்கையும் வாரிக்கொண்டு போனது. பிறகு சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டபோது காட்டு விலங்குக்கும் அந்த நோய் நின்றது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான், 1970களின் கடைசியில் பதிமூன்று லட்சம் ஆனது. அத்தனை வாயும் புல்லைத் தின்றதால் காய்ந்த புல் மிஞ்சவில்லை, காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரம் பெருகியது. மாட்டுக்குப் போட்ட ஊசி மரமாக முளைத்தது! மறுபக்கம் அமெரிக்காவின் பெரிய சமவெளியில் புல்லை வேரோடு புரட்டிக் கோதுமை விதைத்தார்கள். 1930களில் தொடர்ந்து வறட்சி வந்தபோது பிடித்து வைக்க வேர் இல்லாமல் மண்ணே புழுதிப் புயலாக எழுந்து போனது. வறட்சி அங்கே அதற்கு முன்பும் வந்ததுதான், அப்போதெல்லாம் புல் இருந்தது. நம் ஆடிக்காற்றில் வேலி இல்லாத, புல் இல்லாத செம்மண் காட்டுப் பக்கம் நின்றால் அதன் சின்ன உருவம் கண்ணில் விழும், நிஜமாகவே கண்ணில்.

இன்னொரு வேடிக்கை. நாம் இல்லையே என்று அழுகிற இதே கொழுக்கட்டைப் புல்தான் ஆஸ்திரேலியாவில் பெரிய தலைவலி. ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த வைக்கோலோடு 19ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ச் சேர்ந்தது என்கிறார்கள், பிறகு மேய்ச்சலுக்கென்றே விதைத்தார்கள். இப்போது நடுப் பாலைவனத்தில் பரவி, அங்கே முன்பு இல்லாத அளவுக்குத் தீயை இழுத்துக்கொண்டு வந்து, அந்த ஊர்ச் செடிகளை எரிக்கிறது. புல் ஒன்றுதான். இங்கே அதோடு கூடவே வெள்வேலும் செம்மறியும் கிளுவையும் இருந்தன.

எதிர்காலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்கு, தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு 280, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. குறைவாக இருந்தபோது சி4 புல்லுக்கு இருந்த சலுகை இப்போது குறைகிறது, மரத்துக்கும் புதருக்கும் கூடுகிறது. உலகம் முழுக்கப் புல்வெளிகளில் முள்மரம் ஏறிக்கொண்டே வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் காட்டில் சீமைக்கருவேல் தானாகக் குறையும் என்று காத்திருக்க வேண்டாம், காற்றே அதற்குச் சாதகம். மழையிலும் மாற்றம்: சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதால், பத்து நாள் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டுவது கூடும். தூர் அடர்ந்த மண் அதைக் குடிக்கும். மொட்டைச் சரளையில் விழுந்தால் இட்டேரி வழியாக ஓடிப் பள்ளம் சேரும், மண்ணையும் கூட்டிக்கொண்டு. எனவே கெட்ட காடு இன்னும் வேகமாகக் கெடும், நல்ல காடு கொஞ்சம் தாங்கும்.

இனி உங்கள் அஞ்சு ஏக்கர். மரம் நட்டு நிரப்ப வேண்டாம், இருக்கிற வெள்வேலை மட்டும் காப்பாற்றுங்கள், கன்று தானாக வந்தால் ஏக்கருக்குச் சிலதை விடுங்கள். சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டினால் புதராகத் திரும்பி வரும், சின்னதாக இருக்கும்போதே மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். வேலி ஓட்டையை அடைத்துக் குறுக்கே இன்னொரு வரிசை போத்து ஊன்றி இரண்டு துண்டாக்குங்கள், அந்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டை, கோ1, கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பக்கத்துக் காட்டில் நல்ல தூர் இருந்தால் அந்த விதையைத்தான் நான் எடுப்பேன், இந்தச் சரளைக்குப் பழகியது அது.

விதையில் ஒரு விஷயம், நான் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், தை மாதம் உருவிய விதையை அடுத்த மழைக்கே தூவச் சொல்லி, ஒன்றுகூட முளைக்காமல், அந்தக் காட்டுக்கார ஆத்தாவிடம் போய் மண்ணைக் குறை சொன்னேன். "புது வெதையப் போட்டா எங்க சாமி மொளைக்கும்? ஒரு வருசம் மொடாவுல கெடக்கோணும்" என்றார். பிறகுதான் படித்தேன், கொழுக்கட்டை விதைக்கு உதிர்ந்த உடனே முளைக்காத உறக்கம் உண்டு, பல மாதம் கழிந்தால்தான் கலையும். முதல் மழையிலேயே எல்லாம் முளைத்து அடுத்த வெயிலில் எல்லாம் சாகாமல் இருக்க அது வைத்திருக்கிற ஏற்பாடு. ஆகவே போன வருடத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள். ஆவணி கடைசியில் ஒரு உழவு, புரட்டாசி மழைக்கு முன்னால் கொள்ளோடு கலந்து தூவுங்கள், விதை பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும் என்பதால் ஈர மணலில் பிசைந்து தூவினால் நிற்கும். ஆழமாக மூடக் கூடாது. முதல் வருடம் விதை உதிரும்வரை ஆடு மாடு வேண்டாம், உதிர்ந்த பிறகு மாட்டை மட்டும் கொஞ்ச நாள் விடலாம்.

அதற்கு முன்னால், இந்தத் தடவை நல்ல மழை பெய்த நாலாம் நாள் தெற்கு வேலியோரமாக, கிளுவை நிழல் விழுகிற அந்த இரண்டு முழத்தில் குனிந்து பாருங்கள். ஆட்டு வாய் எட்டாத முள்ளுக்குள் பழைய தூர் இரண்டு மூன்று இருந்தாலும் இருக்கும். இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், விதை வாங்குகிற செலவே மிச்சமாகலாம்.